இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தைக் கேட்டு வாங்குவது எப்படி?

அடினோசின் என்பது நம் செல்களிலேயே உண்டாகும் ஒரு மூலக்கூறு. எங்கள் கொங்குப் பக்கத்தில் அந்தப் பெயர் இரண்டு இடங்களில் அடிபடுகிறது. கோவையிலோ ஈரோட்டிலோ இதய மருத்துவரைப் பார்க்கப் போனவர்களுக்கு, ஊசி மருந்து ஏற்றிச் செய்யும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எழுதித் தரும்போது அந்தப் பெயர் காதில் விழும். காபி நல்லதா கெட்டதா என்று வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழும் நீளமான செய்திகளிலும் அது இருக்கும். இரண்டு இடத்திலும் பேச்சு ஒரே மாதிரிதான் போகிறது: "அடினோசின் இதயக் குழாயை விரிக்கும். காபி அதைத் தடுக்கும். ஆகவே காபி குடித்தால் அடைப்பு வரும்." முதல் இரண்டும் சரி. "ஆகவே" என்று தொடங்கும் மூன்றாவது தவறு.

செவிலியர் மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் இந்தக் குழப்பத்தை வகுப்பிலும் பார்க்கிறேன், உறவுக்காரர்கள் கூடும் இடத்திலும் பார்க்கிறேன். எந்தக் குழாய் விரிகிறது, யார் சொல்லி விரிகிறது என்பது தெளிவானால் மருத்துவமனையில் நமக்குச் சொல்லப்படும் பல விஷயங்கள் சிரமமில்லாமல் புரிந்துவிடும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

இதயத்துக்கும் ரத்தம் வேண்டும்

இதயத்தின் அறைகளுக்குள் நாள் முழுக்க ரத்தம் ஓடிக்கொண்டிருந்தாலும், அதன் தடித்த தசை அந்த ரத்தத்தை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குத் தனிக் குழாய்கள் உண்டு. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் அடிவாரத்திலேயே, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு குழாய்கள் பிரிகின்றன. இவற்றின் பெயர் கரோனரி தமனிகள். இவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடி, கிளை கிளையாகப் பிரிந்து தசைக்குள் இறங்குகின்றன. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஏறத்தாழ 250 மில்லி அதன் சொந்தத் தசைக்கே திரும்பி வருகிறது.

இங்கே ஒரு விசேஷம் இருக்கிறது. உடலின் மற்ற பாகங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஓய்வில் இருக்கும்போது ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மீதி கையிருப்பாக அப்படியே திரும்பிப் போகிறது. வேலை கூடும்போது கால் தசை அதே ரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். இதயத்துக்கு அந்த வசதி கிடையாது. ஓய்விலேயே அது தன் பங்கு ரத்தத்தின் ஆக்சிஜனில் 70 சதவீதம் அளவுக்கு எடுத்துவிடுகிறது. ஆகவே பழனி மலைப்படி ஏறும்போது இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான்: கூடுதல் ரத்தம் வர வேண்டும். ஆரோக்கியமான இதயத்தில் இந்த வரத்து நாலு மடங்கு வரைகூடக் கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இடது கீழறை சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்கிவிடுகிறது. அதனால் அதற்கான ரத்தம் பெரும்பகுதி, தசை தளர்ந்திருக்கும் இடைவெளியில்தான் உள்ளே பாய்கிறது. துடிப்பு வேகமானால் அந்த இடைவெளியும் குறுகும். தேவை கூடும் நேரத்தில்தான் நேரம் குறைகிறது! குழாய் விரிவது இதயத்துக்கு ஏன் உயிர்நாடியான விஷயம் என்பது இங்கேயே புரிந்துவிடும்.

மதகு எங்கே இருக்கிறது?

கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. ஒரு காட்டுக்கு (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைப் பிரதான வாய்க்காலின் அகலம் தீர்மானிப்பதில்லை. அந்தக் காட்டுக்குப் பிரியும் இடத்திலுள்ள மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

இதயத்திலும் அப்படித்தான். மேற்பரப்பில் ஓடும் கரோனரி தமனிகள் பிரதான வாய்க்கால்கள். ஆஞ்சியோகிராமில் நமக்குக் காட்டப்படும் குழாய்கள் இவையே. ஆரோக்கியமான நிலையில் இவை ரத்த ஓட்டத்துக்குப் பெரிய தடையே கொடுப்பதில்லை. ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பவை தசைக்குள் இருக்கும் மிக மெல்லிய கிளைகள். நுண்தமனிகள் என்று இவற்றைச் சொல்வோம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் மெல்லியவை. சாதாரண ஆஞ்சியோகிராமில் இவை தனித்தனியாகத் தெரியாது. மதகுகள் இங்கேதான் இருக்கின்றன.

நுண்தமனியின் சுவரைச் சுற்றி மென்தசை இருக்கிறது. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாகச் சுருங்கித் தளரும் தசை அது. சுருங்கினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். இதில் ஒரு கணக்கு ஆச்சரியமானது. குழாயின் ஆரம் கூடினால் ஓட்டம் அதன் நான்காம் அடுக்கு அளவுக்குக் கூடுகிறது. ஆரம் 20 சதவீதம் கூடினாலே போதும், ஓட்டம் இரண்டு மடங்காகிவிடும். கண்ணுக்கே தெரியாத அளவு தளர்வு, அவ்வளவு பெரிய பலன்.

வாய்க்காலுக்கும் இதயத்துக்கும் ஒற்றுமை இத்தோடு முடிகிறது. கீழ்பவானியில் ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகுகள், அடுத்த போகத்துக்கு இரட்டைப்படை மதகுகள் என்று முறை வைத்துத் திறக்கிறார்கள். மேலிருந்து உத்தரவு வரும். இதயத்தில் காய்ந்த காடே தன் மதகைத் திறந்துகொள்கிறது. நரம்புகளுக்கும் ஒரு பங்கு உண்டுதான். ஆனால் நரம்புகள் அறுபட்டு இன்னொருவருக்கு மாற்றிப் பொருத்தப்பட்ட இதயத்திலும், வேலை கூடினால் ரத்தம் கூடத்தான் செய்கிறது.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம்தான் வழி. அந்த ரத்தத்தை அளந்து விடுபவை பெரிய குழாய்கள் அல்ல, நுண்தமனிகள். அவற்றை எந்த அளவுக்குத் திறப்பது என்பது பெரும்பாலும் அந்தந்த இடத்துத் தசையின் தேவையைப் பொறுத்தது. சரி, தசை தன் தேவையைக் குழாய்க்கு எப்படித் தெரிவிக்கிறது?

செலவுதான் சேதியாகிறது

செல்கள் வேலை செய்யச் செலவழிக்கும் எரிசக்தி மூலக்கூறின் பெயர் ஏடிபி. அடினோசின் என்ற மூலக்கூறோடு மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தால் அது ஏடிபி. ஒரு பாஸ்பேட் கழன்றால் சக்தி கிடைக்கும், மிஞ்சுவது இரண்டு பாஸ்பேட்டோடு நிற்கும் அதன் தம்பி. அதன் பெயர் அடினோசின் டைபாஸ்பேட். இன்னொன்றும் கழன்றால் ஒற்றைப் பாஸ்பேட்டோடு நிற்பது ஏஎம்பி. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்வரை கழன்ற பாஸ்பேட்டுகள் உடனுக்குடன் திரும்ப ஒட்டவைக்கப்படும். இது இடைவிடாமல் நடந்தாக வேண்டும். ஏனென்றால் இதயத் தசையில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏடிபி சில நொடித் துடிப்புக்கே போதும். ஒரு நாளில் இதயம் செய்து செலவழிக்கும் ஏடிபி-யைக் கூட்டினால் சுமார் 6 கிலோ வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆக்சிஜன் தேவைக்குக் குறைந்தால் ஒட்டவைக்கும் வேலை பின்தங்குகிறது. ஏஎம்பி சேர்கிறது. ஒரு நொதி அதிலிருந்து கடைசிப் பாஸ்பேட்டையும் வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது வெறும் அடினோசின். அது செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் பரவி, பக்கத்திலேயே ஓடும் நுண்தமனியின் சுவரைத் தொடுகிறது.

எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதன் நேர்மை. பற்றாக்குறையை அளக்கத் தனிக் கருவி ஏதும் இல்லை. எரிசக்தி தீரத் தீர, தீர்ந்ததன் மிச்சமே சேதியாகிவிடுகிறது. எவ்வளவு பற்றாக்குறையோ அவ்வளவு அடினோசின், அவ்வளவு விரிவு. ரத்தம் வந்து ஆக்சிஜன் சேர்ந்ததும் அடினோசின் உண்டாவது குறையும். ஏற்கெனவே உண்டானதைச் செல்கள் உள்ளே இழுத்துக்கொண்டு, திரும்ப ஏஎம்பி ஆக்கிவிடும் அல்லது இனோசின் என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடும். ரத்தத்தில் அடினோசினின் ஆயுள் சில நொடிகள்தான். அதனால்தான் இதயத்தின் ஒரு மூலையில் எழுந்த சேதி உடம்பு முழுக்கப் பரவிக் குழப்பம் செய்வதில்லை.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1929-இல் கேம்பிரிட்ஜில் ஆலன் ட்ரூரி, ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி என்ற இருவர், இதயத் தசையிலிருந்து பிரித்தெடுத்த சாற்றை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். துடிப்பு மெதுவானது, கரோனரி குழாய்கள் விரிந்தன. சாற்றில் இருந்தது அடினோசினைச் சேர்ந்த பொருள் என்று கண்டார்கள். இதயம் தன் ரத்த ஓட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ள இதைத்தான் பயன்படுத்துகிறது என்ற கருதுகோளை அமெரிக்க உடலியங்கியலாளர் ராபர்ட் பெர்ன் 1963-இல் முன்வைத்தார்.

ஒரே மூலக்கூறு, வேறு வேறு பலன்

பெரும்பாலான குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அடினோசினுக்கு விரிக்கும் குணமும் இல்லை, சுருக்கும் குணமும் இல்லை. பலனைத் தீர்மானிப்பது அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி. ஏற்பி என்பது செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒரு புரதம். வெளியிலிருந்து குறிப்பிட்ட மூலக்கூறு வந்து ஒட்டினால், செல்லுக்குள் ஒரு மாற்றத்தைத் தொடங்கிவைக்கும்.

அடினோசினுக்கு நான்கு வகை ஏற்பிகள் உண்டு: ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3. இதயக் குழாய் விரிவதில் முதன்மைப் பங்கு ஏ2ஏ-க்கு. ஏ2பி கூடத் துணை நிற்கிறது. ஏ1 இருப்பது இதயத்தின் துடிப்பைத் தொடங்கிக் கடத்தும் பாகங்களில். அங்கே அடினோசின் ஒட்டினால் துடிப்பு மெதுவாகும். மேலறைகளிலிருந்து கிளம்பும் ஒருவகை வேகத் துடிப்பை நிறுத்த, அவசரச் சிகிச்சைப் பிரிவில் 6 மில்லிகிராம் அடினோசினை ரத்தநாளத்தில் வேகமாகச் செலுத்துவது இந்த ஏ1-ஐ நம்பித்தான். சிறுநீரகத்துக்குப் போனால் கதை தலைகீழ். வடிகட்டிக்குள் ரத்தம் கொண்டுபோகும் நுண்தமனியில் ஏ1 ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே அடினோசின் குழாயைச் சுருக்குகிறது. ஆகவே "அடினோசின் ரத்தக்குழாயை விரிக்கும்" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. எந்த உறுப்பின் குழாய், அதில் எந்த ஏற்பி என்று சேர்த்துச் சொன்னால்தான் அது உண்மையாகும்.

சரி, ஏ2ஏ-இல் ஒட்டியதும் நுண்தமனியின் மென்தசைக்குள் என்ன நடக்கிறது? மென்தசை இறுகி நிற்கக் கால்சியம் வேண்டும். ஏ2ஏ கிளர்ந்ததும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்தூது மூலக்கூறு கூடுகிறது. பெயரில் ஏஎம்பி இருந்தாலும் முன்னே பார்த்த ஏஎம்பி-யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சைக்ளிக் ஏஎம்பி தூண்டிவிடும் வேலைகளில் ஒன்று, செல்லின் மேலுறையிலுள்ள பொட்டாசியம் வாயில்களைத் திறப்பது. பொட்டாசியம் வெளியேறினால் செல்லின் உட்புற மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே வரும் வாயில்கள் மூடிக்கொள்ளும். தசையை இறுக்கும் புரதங்களின் வேகமும் மட்டுப்படும். தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. குழாயின் உட்சுவர் செல்களிலும் ஏ2ஏ உண்டு. அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிட்டு அதே மென்தசையை இன்னும் தளர்த்துகின்றன. இதயத் தசையில் சைக்ளிக் ஏஎம்பி கூடினால் சுருக்கத்தின் பலம் கூடும், குழாய்ச் சுவரில் கூடினால் தளர்வு. உடம்பில் ஒரு பொருளின் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்று மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆக, ஆக்சிஜன் குறைந்தால் அடினோசின் கூடுகிறது, அது ஏ2ஏ-இல் ஒட்டுகிறது, மென்தசைக்குள் கால்சியம் குறைகிறது, மதகு திறக்கிறது.

பிரதான வாய்க்காலிலேயே அடைப்பு இருந்தால்?

எங்கள் பெரியப்பாவுக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எழுதித் தந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஏஞ்சாமி, கொழாய விரிக்கற மருந்தே அவங்க கையில இருக்குதல்லோ? அதையே மாசம் ஒருக்கா ஏத்திக்கிட்டாப் போதாதா? ஸ்டென்ட்டு எதுக்கு?"

"இல்லீங்க பெரியப்பா. அந்த மருந்து தெறக்கறது மதகைத்தானுங்க. வாய்க்கால்ல மண்ணு சரிஞ்சு கெடந்தா அதை ஒண்ணும் பண்ணாதுங்க."

நல்ல கேள்வி அது. அடைப்பு வருவது பெரும்பாலும் மேற்பரப்பில் ஓடும் பெரிய தமனிகளில். கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து பல வருடங்களாகச் சுவருக்குள் படிந்து உண்டாவது அது. அடினோசின் அதைக் கரைக்காது, அகற்றாது. அடைப்பு உள்ள குழாய்க்குக் கீழே இருக்கும் தசை ரத்தம் போதாமல் தவிப்பதால், அங்குள்ள நுண்தமனிகள் ஓய்வு நேரத்திலேயே ஏற்கெனவே விரிந்து நிற்கின்றன. மதகுகள் எல்லாம் திறந்தாயிற்று, இனித் திறக்க ஒன்றுமில்லை. அதனால்தான் பலருக்கு உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது.

மருந்து கொடுத்துச் செய்யும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் இதைத்தான் வெளிக்கொண்டுவருகிறது. நடக்கவோ ஓடவோ முடியாதவர்களுக்கு, அடினோசினையோ ஏ2ஏ-ஐ மட்டும் குறிவைக்கும் ரெகாடெனோசனையோ ரத்தநாளத்தில் செலுத்துகிறார்கள். நல்ல குழாயின் நுண்தமனிகள் விரிந்து அங்கே ஓட்டம் பல மடங்காகிறது. அடைப்புள்ள பக்கம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை, சிலருக்குக் குறையவும் செய்யும். ரத்தத்தோடு கலந்து போகும் சிறிதளவு கதிரியக்கப் பொருளை வைத்துப் படமெடுத்தால் அந்த வித்தியாசம் தெரியும். மருந்து இங்கே சிகிச்சைக்காகக் கொடுக்கப்படுவதில்லை, அடைப்பைக் கண்டுபிடிக்கக் கொடுக்கப்படுகிறது.

ஆஞ்சியோகிராம் மேசையிலும் இதே தத்துவம் பயன்படுகிறது. அடைப்பு நடுத்தரமாகத் தெரிந்தால், அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பியை அதைத் தாண்டிச் செலுத்தி, அடினோசின் கொடுத்து மதகுகளை முழுக்கத் திறந்துவிட்டு, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கிறார்கள். முன்னால் 100, பின்னால் 75 என்றால் விகிதம் 0.75. பொதுவாக 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே பாதிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் பயமுறுத்தும் அடைப்பு எல்லாமே ஸ்டென்ட் கேட்பதில்லை என்பதை நிறுவிய அளவீடு இது. "ரத்தக்குழாயை விரிக்கும், ஆகவே அடைப்பு போகும்" என்று விளம்பரப்படுத்தப்படும் சூரணங்களையும் கஷாயங்களையும் நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது மனது பதறுகிறது. விரிவது ஒன்று, அடைப்பு நீங்குவது வேறொன்று.

காபிக்கு இதில் என்ன வேலை?

காபியிலுள்ள காஃபீன் அடினோசினின் ஏ1, ஏ2ஏ ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அவற்றைக் கிளப்பாது. இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அடினோசினுக்கு வழி இருக்காது. மூளையில் நாம் விழித்திருக்கும் நேரம் நீள நீள அடினோசின் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காபி குடித்ததும் அந்தக் கிறக்கம் விலகுவது இந்தத் தடையால்தான்.

இதயத்தில் இந்தத் தடைக்கு நடைமுறை முக்கியத்துவம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில்தான். காஃபீன் ஏ2ஏ-ஐப் பிடித்திருந்தால் ஏற்றும் மருந்து முழுதாக வேலை செய்யாது, நல்ல பக்கமும் சரியாக விரியாது, இருக்கும் அடைப்பு படத்தில் மறைந்துபோகலாம். அதனால்தான் குறைந்தது 12 மணி நேரம், பல இடங்களில் 24 மணி நேரம், காபியே கூடாது என்கிறார்கள். டீ, கோலா, சாக்லேட் எல்லாம் இதில் சேர்த்தி. காலையில் ஒரு டம்ளர் காபி குடிக்காமல் பொழுது விடியாத நம் ஊரில் இது சிரமம்தான். ஆனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம். மற்றபடி காபி அடைப்பை உண்டாக்குவதில்லை. மிதமாகக் காபி குடிப்பவர்களுக்கு இதய நோய் கூடுவதாகப் பெரிய ஆய்வுகளிலும் தெரியவரவில்லை.

அடினோசின் ஒன்று மட்டும்தானா?

இல்லை. ஆரோக்கியமான இதயத்தில் அடினோசின் ஏற்பிகளை மருந்தால் தடுத்துவிட்டுப் பார்த்தாலும், உடற்பயிற்சியின்போது ரத்த ஓட்டம் கிட்டத்தட்ட வழக்கம்போலவே கூடுகிறது. கார்பன் டை ஆக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, பொட்டாசியம் வாயில்கள், நரம்புகள் என்று வேறு பல வழிகளும் இதே வேலையைச் செய்கின்றன. ஒன்று தடைபட்டால் மற்றவை ஈடுகட்டுகின்றன. பெர்ன் நினைத்த அளவுக்கு அன்றாட ஓட்டத்துக்கு அடினோசின் ஒன்றே பொறுப்பில்லை என்பதுதான் இன்றைய புரிதல். ஆனால் ஆக்சிஜன் உண்மையிலேயே தட்டுப்படும்போது அதன் பங்கு பெரிதாகிறது. ரத்தம் போதாதபோது வரும் நெஞ்சுவலியிலும் அதற்குப் பங்கு உண்டு. இதயத்திலுள்ள நரம்பு நுனிகளை ஏ1 வழியாக அது தூண்டுகிறது.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

மருந்து ஏறும்போது முகம் சிவந்து சூடாகலாம், மூச்சு வாங்கலாம், நெஞ்சு இறுகுவது போலிருக்கலாம். அடைப்பே இல்லாதவர்களுக்கும் இது வரும். அடினோசினை நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். ரெகாடெனோசன் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். தேவைப்பட்டால் அமினோஃபிலின் கொடுப்பார்கள். காஃபீனின் சொந்தக்கார மருந்தான அது ஏற்பிகளைத் தடுத்துப் பலனை நிறுத்திவிடும்.

ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள், அடினோசின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். மூச்சுத் தொந்தரவுக்குத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், டைபிரிடமோல் சாப்பிடுகிறவர்களும் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். முதலாவது காஃபீன் போலவே ஏற்பியைத் தடுக்கும். இரண்டாவது, செல்கள் அடினோசினை உள்ளே இழுத்துக்கொள்வதைத் தடுத்து அதன் பலனைப் பல மடங்காக்கிவிடும். இவற்றை எத்தனை மணி நேரத்துக்கு முன் நிறுத்துவது, நிறுத்தலாமா கூடாதா என்பதைப் பரிசோதனைக்கு எழுதித் தந்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.